பாக்டீரியாவுக்குள் புரதங்கள் தங்கள் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கின்றன?

நீங்கள் கேட்டிருப்பது இது: "பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது, நுண்ணுறுப்புகள் கிடையாது, நம் செல்களில் இருப்பது போல சரக்கைச் சுமந்துகொண்டு இழைகளின் மேல் நடக்கும் மோட்டார் புரதங்களும் கிடையாது என்று படித்தேன். அப்படியானால் ஒரு புரதம் தான் வேலை செய்ய வேண்டிய இடத்துக்கு எப்படிப் போகிறது? யாராவது கொண்டுபோய் விடுகிறார்களா, இல்லை எல்லாம் ஒரு பைக்குள் கலந்து கிடக்கிறதா?" இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. மூலக்கூறு எப்படி நகர்கிறது என்பது ஒன்று. ஓர் இடத்தில் மட்டும் எப்படித் தங்குகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை ஏறக்குறையத் தெளிவாகிவிட்டது. இரண்டாவதில் தெளிவானதும் இருக்கிறது, இன்னும் சண்டை நடப்பதும் இருக்கிறது. பல வருடங்களாக ஒளிர்புரதம் ஒட்டிய பாக்டீரியாக்களை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் என் வேலை. அதில் பெரும்பகுதி ஈ.கோலை, கொஞ்சம் பேசில்லஸ் சப்டிலிஸ். மற்ற பாக்டீரியாக்களைப் பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தின் அளவைப் பார்க்கலாம். ஈ.கோலை செல் சுமார் 2 மைக்ரான் நீளம், 1 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவான அகலம். அதன் கொள்ளளவு கிட்டத்தட்ட ஒரு ஃபெம்டோலிட்டர், அதாவது ஒரு லிட்டரைப் பத்து கோடி கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. இந்தச் சின்ன இடத்துக்குள் ஏறக்குறைய 30 லட்சம் புரத மூலக்கூறுகள் இருக்கின்றன. வளரும் வேகத்தைப் பொறுத்து சில ஆயிரம் முதல் பல பத்தாயிரம் ரைபோசோம்கள். அப்புறம் 46 லட்சம் கார இணைகள் கொண்ட வட்டமான டிஎன்ஏ, நீட்டிப் பிடித்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வரும், செல்லைப் போல எழுநூறு எண்ணூறு மடங்கு நீளம். பெரிய மூலக்கூறுகளை மட்டும் கணக்கிட்டால் ஒரு மில்லிலிட்டருக்கு 300 முதல் 400 மில்லிகிராம் வரை வருகிறது. ஒரு புரதத்தின் அகலம் 4, 5 நானோமீட்டர் என்றால் பக்கத்துப் புரதத்துக்கும் அதற்கும் இடையே உள்ள இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பாடப்புத்தகப் படத்தில் நடுவில் ஒரு நூல்கண்டும் சுற்றிலும் வெள்ளை வெளியும் வரைந்திருப்பார்கள். அந்த வெள்ளை வெளி உண்மையில் இல்லை.

இந்த நெரிசலுக்குள் எதுவும் சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு புரதமும் தள்ளாடிக்கொண்டே இருக்கிறது. 1827ல் ராபர்ட் பிரௌன் மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்களில் பார்த்த அதே அசைவு, 1905ல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டு விளக்கிய அதே அசைவு. ஒரு சாதாரண புரதத்தின் கணநேர வேகம் வினாடிக்கு சுமார் 10 மீட்டர். கேட்க மிக வேகமாக இருக்கிறது. ஆனால் ஓர் அணுவின் அகலம்கூட நகர்வதற்குள் இடி வாங்கித் திசை மாறிவிடும். எட்வர்ட் பர்செல் 1977ல் காட்டிய கணக்கு ஒன்று இதைப் புரிந்துகொள்ள உதவும். நீந்திக்கொண்டிருக்கும் பாக்டீரியா தன் கசையிழையைச் சட்டென்று நிறுத்தினால் ஓர் அணுவின் அகலத்துக்கும் குறைவான தூரத்தில் நின்றுவிடும். முழு பாக்டீரியாவுக்கே இந்தக் கதி என்றால் உள்ளே இருக்கும் புரதத்துக்கு 'உந்தம்' என்ற பேச்சே இல்லை. ஒரு தள்ளு கொடுத்தால் அந்தத் தள்ளு முடிந்ததும் நின்றுவிடும்.

திசையில்லாமல் இப்படித் தள்ளாடி எங்கே போய்ச் சேர முடியும் என்று தோன்றும். அங்கேதான் அளவு முக்கியமாகிறது. இப்படித் தள்ளாடியே பரவுவதற்கு விரவல் என்று பெயர். விரவலில் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும், தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். பசும் ஒளிர்புரதம், அதாவது ஜிஎஃப்பி, நீரில் விரவும் அளவு வினாடிக்கு சுமார் 87 சதுர மைக்ரான். ஈ.கோலைக்குள் அதையே அளந்தபோது, 1999ல் வந்த அளவீடு, 7.7 கிடைத்தது. நெரிசல் காரணமாகப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்த மெதுவான எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள். 2 மைக்ரான் நீளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடக்கச் சராசரியாகக் கால் வினாடி. 20 மைக்ரான் அகலமுள்ள செல்லில் அதே புரதத்துக்கு அரை நிமிடம். 1 மில்லிமீட்டருக்கு 18 மணி நேரம். 1 மீட்டர் நீள நரம்பிழைக்கு இரண்டாயிரம் வருடம். நரம்பு செல்லுக்கு மோட்டார் புரதங்கள் ஏன் தேவை என்பதும், ஈ.கோலைக்கு ஏன் தேவைப்படவில்லை என்பதும் இந்த ஒரே கணக்கில் தெரிந்துவிடுகிறது. கால் வினாடியில் தானாகவே வந்து சேரும் ஒன்றைச் சுமந்து போக ஆற்றல் செலவழிக்க வேண்டியதில்லை. ஆகவே உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு விடை: சாதாரண புரதங்களை யாரும் கொண்டுபோய் விடுவதில்லை. இதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது.

பெரிய பொருட்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நெரிசல் எல்லாரையும் ஒரே மாதிரி தடுப்பதில்லை, சின்னவற்றை நழுவ விடும், பெரியவற்றைப் பிடித்துக்கொள்ளும். 2014ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. செல்லின் வளர்சிதைமாற்றம் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிய துகள்களும் ஓரளவு இடம் மாறுகின்றன. ஆற்றல் உற்பத்தியை நிறுத்திவிட்டால், சுமார் 30 நானோமீட்டருக்கு மேற்பட்டவை தாம் இருந்த இடத்திலேயே சிறைப்பட்டு நடுங்குகின்றன. சின்னப் புரதங்களோ பெரும்பாலும் பழையபடியே திரிகின்றன. உயிர்ச்செயல்கள் நடக்கும்போது உண்டாகும் சின்னச் சின்ன அதிர்வுகள் உள்ளே இருப்பதைக் குலுக்கி இளக்கி வைத்திருக்கின்றன என்று அவர்கள் விளக்கினார்கள். சைட்டோபிளாசம் கண்ணாடியாக உறையும் திரவத்தைப் போல நடந்துகொள்கிறது என்றும் சொன்னார்கள். செல் ஆற்றல் இழந்தால் பெரியவை நின்றுபோகின்றன என்பதை நான் உறுதியாக ஏற்கிறேன். 'கண்ணாடி' என்ற விளக்கத்தை அவ்வளவு உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆற்றல் குறையும்போது செல் சற்றுச் சுருங்குவதும் அமிலத்தன்மை மாறுவதும் சேர்ந்தே நடக்கும், அவற்றின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் பிரித்துச் சொல்லப்படவில்லை.

சரி, இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு வருவோம். கடினமான ஒரு தேடலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். லாக்டோஸ் ஜீன்களை அடக்கி வைக்கும் லாக் அடக்கிப் புரதம் ஒரு செல்லில் பத்து சொச்சம்தான் இருக்கும். அது போய் உட்கார வேண்டிய இடம் 46 லட்சம் கார இணைகளுக்குள் இருபது சொச்சம் இணைகள் நீளமுள்ள ஒரு துண்டு. முப்பரிமாணத்தில் மட்டும் தேடினால் மெதுவாகும் என்று கணக்குகள் சொல்லின. 2007ல் உயிருள்ள செல்லுக்குள் ஒற்றை மூலக்கூறாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது இந்தப் புரதம் தன் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கை ஏதோ ஒரு டிஎன்ஏ துண்டில் லேசாக ஒட்டியபடியே கழிக்கிறது என்று தெரிந்தது. ஒட்டும், கொஞ்ச தூரம் வழுக்கும், விடுபடும், அடுத்த துண்டில் ஒட்டும். 2012ல் வழுக்கும் தூரமும் அளக்கப்பட்டது, ஒரு தடவைக்குச் சுமார் 45 கார இணைகள். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது இன்னொரு விவரம். சரியான இடத்தின் மேலேயே வந்தாலும் அது முதல் தடவையே உட்கார்ந்துவிடுவதில்லை, பல தடவை தாண்டிப் போய்விடுகிறது. அப்படியும் ஒரு மூலக்கூறு சில நிமிடங்களில் இடத்தைப் பிடித்துவிடுகிறது, பத்து பேர் தேடினால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வழிகாட்டி யாரும் இல்லை. எல்லா இடத்துக்கும் வேகமாகப் போய், தவறான இடத்தை உடனே விட்டு, சரியான இடத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான்.

பெரும்பாலான புரதங்களின் கதையும் இதுதான். போவது தற்செயல், தங்குவது மட்டும் தேர்வு. எனவே "இந்தப் புரதம் முனைக்கு எப்படிப் போனது" என்று கேட்பதைவிட "முனையில் இதைப் பிடித்து வைத்திருப்பது எது" என்று கேட்டால் சோதனை செய்யத் தோதான கேள்வி கிடைக்கும். பிடித்து வைக்கும் பொருள் பல வகை. பேசில்லஸில் டிவ்ஐவிஏ என்ற புரதம் செல்லின் முனைகளிலும், செல் பிரியும் இடத்திலும் சேர்கிறது. அங்கேயெல்லாம் உள்ளிருந்து பார்க்கும்போது சவ்வு குழிந்து வளைந்திருக்கிறது. ஒரு தனி மூலக்கூறுக்கு அந்த வளைவு தெரிய வாய்ப்பில்லை, அது மிகச் சின்னது. பல மூலக்கூறுகள் ஒன்று சேர்ந்து ஒரு வலையாகும்போது அந்த வலை குழிவான இடத்தில் நன்றாகப் பொருந்தி நிற்கிறது. அப்புறம் மற்றப் புரதங்கள் அதன் மேல் வந்து தொற்றிக்கொள்கின்றன. சவ்வுக்குள் பதிய வேண்டிய புரதங்களுக்கு வேறு வழி. அவை உருவாகிக்கொண்டிருக்கும்போதே ரைபோசோமோடு சேர்த்துச் சவ்விலுள்ள நுழைவாயிலுக்கு இழுக்கப்படுகின்றன. இதைப் பாடப்புத்தகங்களில் நன்றாகவே விளக்கியிருப்பார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

யாரும் பெரிதாகப் பேசாத ஓர் அமைப்பாளர் டிஎன்ஏதான். சவ்வால் மூடப்படாவிட்டாலும் அது செல்லின் நடுவில் ஒரு திரளாக நிற்கிறது, அதை நியூக்ளியாய்டு என்கிறோம். வேகமாக வளரும் ஈ.கோலையில் டிஎன்ஏவுக்கும் ரைபோசோமுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்துப் பார்த்தால் இரண்டும் தனித்தனியாக நிற்பது கண்ணுக்கே தெரியும். டிஎன்ஏ நடுவில், ரைபோசோம்கள் பெரும்பாலும் இரு முனைகளிலும் இரண்டு நியூக்ளியாய்டுகளுக்கு இடைப்பட்ட இடத்திலும். ஓர் ஆர்என்ஏவில் பல ரைபோசோம்கள் கோத்த மாதிரி உட்கார்ந்திருக்கும் தொடர் மிகவும் பெரியது, அந்த டிஎன்ஏ வலைக்குள் நுழைய அதற்கு இடமில்லை. தனியாக இருக்கும் ரைபோசோம் துணை அலகுகள் சின்னவை, அவை உள்ளே போய் வருகின்றன. ஆக, சுவர் எதுவும் கட்டாமலே, அளவு வேறுபாட்டினால் மட்டும் செல்லுக்குள் இரண்டு பகுதிகள் உண்டாகிவிடுகின்றன. 'பை' என்று சொன்னீர்களே, அந்தச் சொல்லை நான் ஏற்காததற்கு முதல் காரணம் இந்தப் படம்.

இரண்டாவது காரணம் மின் (Min) என்ற புரதங்களின் அமைப்பு, மின்சாரத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை. இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் முதன்முதலில் இதை நேரில் பார்த்த நாள் எனக்கு மறக்கவில்லை. ஈ.கோலை தன் சரியான நடுவில் பிரிய வேண்டும். இடம் தவறினால் முனையில் டிஎன்ஏ இல்லாத ஒரு குட்டி செல் பிதுங்கி வரும், 1967லேயே அப்படிப்பட்ட ஈ.கோலையை விவரித்திருந்தார்கள். அதைத் தடுப்பவை மின்சி, மின்டி, மின்ஈ என்ற மூன்று புரதங்கள். மின்டியில் ஒளிர்புரதத்தை ஒட்டி, செல்களை அகரோஸ் துண்டின் மேல் படுக்க வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். செல்லின் இடப்பாதி பச்சையாக ஒளிர்கிறது, வலப்பாதி இருட்டு. சில நொடிகளில் பச்சை விளிம்பு நடுவிலிருந்து முனையை நோக்கிச் சுருங்க ஆரம்பிக்கிறது. சுருங்கச் சுருங்க, மறுமுனையில் மங்கலாக ஒரு பச்சை எழுகிறது. கொஞ்ச நேரத்தில் இடது முழுக்க இருட்டு, வலது முழுக்க ஒளி. பிறகு திரும்பவும் இடது. ஒரு நிமிடத்துக்கு முன்னே பின்னே ஒரு சுற்று, வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். செல் உயிரோடு இருக்கும் வரை இது நிற்பதில்லை. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு செல்லும் தன் தாளத்தில் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். 1999ல் இதை முதலில் வெளியிட்டவர்கள் டேவிட் ராஸ்கினும் பீட் டி போயரும்.

இந்த ஆட்டத்துக்கு ஓட்டுநர் கிடையாது. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைப் பிடித்த மின்டி சவ்வில் ஒட்டும், ஒட்டியது இன்னும் பல மின்டிகளைத் தன் பக்கத்தில் சேர்க்கும். மின்ஈ வந்து ஒட்டினால் மின்டி தன் ஏடிபியை உடைத்துவிட்டுச் சவ்விலிருந்து கழன்றுவிடும். கழன்ற மின்டி மறுபடி ஒட்ட வேண்டுமானால் புதிதாக ஏடிபி பிடிக்க வேண்டும், அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்துக்குள் விரவல் அதை வேறு எங்கோ கொண்டுபோய்விடுகிறது. பழைய முனையில் மின்ஈ இன்னும் நிறைய இருக்கிறது, அங்கே ஒட்டினாலும் நிலைக்காது. மறுமுனையில் மின்ஈ குறைவு, அங்கே கூட்டம் சேரும். பிறகு மின்ஈ அங்கேயும் வந்து சேரும். இத்தனையும் ஒட்டுதல், கழலுதல், தள்ளாடுதல் மட்டும்தான். நேரத்தைக் கூட்டிச் சராசரி எடுத்தால் இரு முனைகளிலும் மின்டி அதிகம், நடுவில் குறைவு. மின்சி மின்டியோடு சேர்ந்தே திரியும், செல்லை இரண்டாகப் பிரிக்கும் வளையம் உருவாவதை அது தடுக்கும். ஆக வளையம் நடுவில் மட்டும் உருவாக முடிகிறது. தன் நீளத்தை அளந்து நடுவைக் கண்டுபிடிக்கும் கருவி இந்த மூன்று புரதங்களுக்கு இடையே உள்ள உறவுதான். வினையும் விரவலும் சேர்ந்தால் தானாகவே ஒழுங்கு பிறக்கும் என்று ஆலன் டூரிங் 1952ல் கணிதத்தில் காட்டினார். அதை உயிருள்ள செல்லில் இவ்வளவு சுத்தமாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறு ஒன்று எனக்குத் தெரியாது.

இது உறுதியானது என்று நான் தைரியமாகச் சொல்வதற்குக் காரணம் 2008ல் நடந்த ஒரு சோதனை. தட்டையான கண்ணாடியில் சவ்வைப் பரப்பி, மேலே மின்டி, மின்ஈ, ஏடிபி மூன்றை மட்டும் ஊற்றினார்கள். செல் இல்லை, வேறு புரதம் எதுவும் இல்லை. சவ்வின் மேல் அலைகள் தாமாகவே எழுந்து ஓடின. செல்லுக்குள்ளும் இன்னொரு சான்று இருக்கிறது. செல் பிரிவதை மருந்து கொடுத்து நிறுத்தினால் அது நீண்டுகொண்டே போகும். அப்போது இடது வலது ஆட்டம் மறைந்து, ஒளியும் இருளும் மாறி மாறிப் பல பட்டைகளாகிவிடும், பட்டைகள் இடம் மாறி மாறி எரியும். அந்த நீண்ட செல்லை ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு 'எல்லாம் கலந்து கிடக்கும் பை' என்ற எண்ணம் மனதில் நிற்காது.

அப்படியானால் பாக்டீரியாவில் எதுவுமே இழுத்துச் செல்லப்படுவதில்லையா? செல்லப்படுகிறது, பெரியவை மட்டும். முன்பு சொன்னேனே, நெரிசலில் நகர முடியாதவை என்று, அவற்றுக்குத்தான் உதவி தேவை. பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையம். சில பிளாஸ்மிட்கள் ஈ.கோலையில் ஓரிரு பிரதிகள்தான் இருக்கும். செல் பிரியும்போது இரு பக்கமும் ஒன்று போயாக வேண்டும், தற்செயலை நம்ப முடியாது. ஆர்1 என்ற பிளாஸ்மிட் பார்ம் என்ற புரதத்தை வைத்திருக்கிறது, அது நம் தசையில் உள்ள ஆக்டினின் தூரத்து உறவு. இரண்டு பிளாஸ்மிட்களுக்கு நடுவே பார்ம் இழை வளர்ந்து இரண்டையும் எதிர் முனைகளுக்குத் தள்ளிவிடுகிறது. வேறு சில பிளாஸ்மிட்கள் பார்ஏ என்ற புரதத்தைப் பயன்படுத்துகின்றன, அது மின்டியின் குடும்பம். பார்ஏ நியூக்ளியாய்டின் மேல் பரவிக் கிடக்கும். பிளாஸ்மிட் தன்னைச் சுற்றியுள்ள பார்ஏவைக் கழற்றிவிட்டு, இன்னும் கழலாத பக்கம் நோக்கி நகரும். கரியமில வாயுவை நிலைப்படுத்தும் கார்பாக்ஸிசோம் உறைகளைச் சயனோபாக்டீரியாவில் சம இடைவெளியில் வைப்பதும் இதே குடும்பத்துப் புரதம்தான். குரோமோசோமை ஒழுங்குபடுத்த எஸ்எம்சி என்ற வளையப் புரதம் இருக்கிறது. பேசில்லஸில் அது டிஎன்ஏவின் இரு கரங்களையும் நிமிடத்துக்குச் சுமார் 50,000 கார இணைகள் என்ற வேகத்தில் இணைத்துக்கொண்டே போகிறது.

பிரியும் வளையத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எஃப்டிஎஸ்இசட் என்ற புரதம், நம் டியூபுலினின் உறவு, நடுவில் வளையமாகச் சேர்வது 1991ல் தெரிந்தது. அதை நிலையான ஒரு கயிறு என்று நெடுநாள் நினைத்திருந்தோம். 2017ல்தான் அது சின்னச் சின்ன இழைகளாகச் செல்லைச் சுற்றி ஓடுகிறது என்று காட்டினார்கள், வினாடிக்கு ஏறக்குறைய 30 நானோமீட்டர். அந்த ஓட்டத்திலும் எந்தப் புரதமும் ஓடவில்லை என்பதுதான் வேடிக்கை. இழையின் ஒரு முனையில் புதிய அலகு சேர்கிறது, மறுமுனையில் பழையது கழல்கிறது, நடுவில் இருப்பது அசையாமல் இருக்கிறது. மொத்த இழை மட்டும் நகர்கிறது. செல் சுவர் கட்டும் நொதிகளில் சில அதைத் தொடர்ந்து போய்ச் சுற்றிலும் சீராகச் சுவர் எழுப்புகின்றன.

இனி எச்சரிக்கைக்கு வருகிறேன், ஏனென்றால் இணையத்தில் நீங்கள் பார்க்கும் அழகான படங்களில் சில தவறானவை. எம்ஆர்இபி என்ற புரதம் செல்லின் நீளம் முழுக்கத் திருகாணி போலச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று 2001ல் வந்தது. பல புத்தகங்களில் அந்தப் படம் ஏறியது. 2011ல் நுட்பமான படப்பிடிப்பில் பார்த்தபோது நீண்ட திருகிழை இல்லை, சின்னச் சின்னத் துண்டுகள் செல்லின் அச்சுக்குக் குறுக்காகச் சுற்றி வருகின்றன என்று தெரிந்தது. அவற்றை நகர்த்துவது சுவர் கட்டும் வேலையேதான், அதை நிறுத்தினால் துண்டுகளும் நின்றுவிடும். ஈ.கோலையில் பார்த்த திருகிழைக்குக் காரணம் அதில் ஒட்டியிருந்த ஒளிர்புரதம் என்றும் அடுத்த வருடமே காட்டப்பட்டது. அதே 2012ல் கிளிப்பி என்ற நொதி செல்லுக்குள் புள்ளியாகத் திரள்வதும் ஒளிர்புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வந்த தோற்றமே என்று நிரூபித்தார்கள். இன்னும் பழைய கதை மீசோசோம். சவ்வு மடிந்து உண்டாகும் உறுப்பு என்று எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் காட்டி, அதற்கு என்னென்னவோ வேலைகள் சொன்னார்கள். செல்லை இரசாயனம் கொண்டு பதப்படுத்தாமல் சட்டென்று உறைய வைத்துப் பார்த்தபோது அது காணாமல் போனது. ஆனால் பாடப்புத்தகங்கள் பலவற்றில் இன்னும் இருக்கிறது, தேர்விலும் கேட்கிறார்கள்.

இதை நான் அடுத்தவர் தவறாகச் சொல்லவில்லை. நான் ஆராய்ந்த ஒரு புரதம் செல்லின் ஒரு முனையில் பளிச்சென்று ஒரே புள்ளியாகத் தெரிந்தது. எட்டு மாதம் அந்தப் புள்ளியின் மேல் வேலை செய்தேன். எந்த முனை, எப்போது தோன்றுகிறது, எந்தப் புரதம் இல்லாவிட்டால் மறைகிறது என்றெல்லாம் பட்டியல் போட்டேன். பிறகு ஒன்றோடொன்று ஒட்டாத வகை ஒளிர்புரதத்துக்கு மாற்றியதும் புள்ளி போய்விட்டது, புரதம் செல் முழுக்கச் சீராகப் பரவியிருந்தது. முனையில் இருந்தது வேலை செய்யாத புரதக் கட்டி. நியூக்ளியாய்டு நடுவை அடைத்துக்கொள்வதால் இப்படிப்பட்ட கட்டிகள் தாமாகவே முனைக்கு ஒதுங்கும். அன்றிலிருந்து முனையில் புள்ளி என்று யார் காட்டினாலும் மூன்று விஷயம் கேட்கிறேன்: வேறு ஒளிர்புரதத்தை ஒட்டினாலும் அப்படியே இருக்கிறதா, புரதத்தின் அளவு இயற்கையாக இருப்பதுதானா, ஒட்டிய பிறகும் புரதம் தன் வேலையைச் செய்கிறதா. நீங்கள் கட்டுரை படிக்கும்போதும் இதையே கேளுங்கள்.

இப்போது அதிகம் விவாதிக்கப்படுவது திரவத் துளிகள். எண்ணெய் நீரிலிருந்து பிரிவது போலச் சில புரதங்களும் ஆர்என்ஏவும் சேர்ந்து சவ்வில்லாத துளிகளாகப் பிரிகின்றன என்ற கருத்து. காலோபாக்டர் என்ற பாக்டீரியாவில் ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் ஈ என்ற நொதி அப்படிப்பட்ட துளிகளை உண்டாக்குகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அதே காலோபாக்டரின் முனையில் பாப்இசட் என்ற புரதம் திரளுவதற்கும் இருக்கிறது. ஈ.கோலையில் ஆர்என்ஏவை எழுதும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் கூட்டம் கூடுவதையும் துளி என்கிறார்கள், அதை ஏற்க நான் தயங்குகிறேன். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 250 நானோமீட்டருக்குக் கீழ் பிரித்துப் பார்க்க முடியாது, இந்தக் கூட்டங்களோ அதைவிடச் சின்னவை. பல பாலிமரேஸ்கள் ஒரே ஜீனின் மேல் வரிசையாக வேலை செய்தாலும் அதே மாதிரிதான் தெரியும். வட்டமாக இருக்கிறது, இரண்டு சேர்ந்து ஒன்றாகிறது என்பதெல்லாம் பெரிய செல்லில் சான்றாகலாம், இங்கே எந்தச் சின்னப் பொருளும் வட்டமாகத்தான் தெரியும். ஒற்றை மூலக்கூறுகளைப் பின்தொடர்வதுதான் இதைத் தீர்க்கும் வழி, அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயத்திலும் கவனமாக இருக்க வேண்டும். ஈ.கோலைக்குச் சரியாக வருவது எல்லா பாக்டீரியாவுக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈ.கோலையில் ஆர்என்ஏ எழுதப்படும்போதே ரைபோசோம் அதன் பின்னாலேயே நெருங்கித் தொடரும். பேசில்லஸில் பாலிமரேஸ் ரைபோசோமை விட்டுவிட்டு வேகமாக முன்னே போய்விடுகிறது என்று 2020ல் வந்தது. பேசில்லஸில் மின்ஈ கிடையாது, அதனால் அந்த முனைக்கு முனை ஆட்டமும் கிடையாது, மின்டி முனைகளையும் பிரியும் இடத்தையும் சார்ந்தே நிற்கிறது. இருவரும் நடுவில்தான் பிரிகிறார்கள், வழி மட்டும் வேறு.

நீங்கள் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள், "அப்படியானால் பாக்டீரியா பெரிதாகவே முடியாதா" என்று. மேலே போட்ட விரவல் கணக்குப்படி பெரிதாகக் கூடாது. ஆனால் பெரிதான பாக்டீரியாக்கள் இருக்கின்றன, அவை இந்தக் கணக்கை எப்படிச் சமாளிக்கின்றன என்பதைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அறுவை மீன்களின் குடலில் வாழும் எபுலோபிசியம் அரை மில்லிமீட்டருக்கு மேல் வளரும். 1985ல் அதை விவரித்தபோது பாக்டீரியா என்றே யாரும் நினைக்கவில்லை, 1993ல்தான் உறுதியானது. அது தன் டிஎன்ஏவை ஆயிரக்கணக்கான பிரதிகளாக எடுத்துச் சவ்வை ஒட்டிச் சுற்றிலும் வைத்திருக்கிறது. 2022ல் வெளிவந்த தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா இன்னும் பெரியது. குவாதலூப் தீவின் அலையாத்திக் காட்டில் நீரில் கிடந்த இலைகளின் மேல் வளர்ந்த அது சராசரியாக 9 மில்லிமீட்டருக்கு மேல் நீளம், வெறும் கண்ணுக்கே வெள்ளை நூல் போலத் தெரியும். 1 சென்டிமீட்டரை ஒரு புரதம் விரவிக் கடக்க இரண்டரை மாதம் ஆகும். ஆனால் எந்தப் புரதமும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. செல்லின் கொள்ளளவில் முக்கால் பங்கு நடுவில் உள்ள ஒரு பெரிய நீர்ப்பையே அடைத்துக்கொள்கிறது. சைட்டோபிளாசம் ஓரத்தில் சுமார் 3 மைக்ரான் கனமுள்ள ஒரு மெல்லிய படலம் மட்டும். அந்தப் படலம் முழுக்கச் சவ்வு சூழ்ந்த சின்னச் சின்ன உறைகள், ஒவ்வொன்றிலும் டிஎன்ஏவும் ரைபோசோமும். வளர்ந்த ஒரு செல்லில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட டிஎன்ஏ பிரதிகள் இருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். எந்த உறையில் ஒரு புரதம் உருவானாலும் அந்தப் படலத்தின் குறுக்கே கடக்க அதற்கு அரை வினாடிக்குச் சற்று மேல்தான் ஆகும்.